செசிலியா என்று பெயர் வைத்தால் கண் கெட்டுவிடுமா?

வாசகர் கேள்வி: கண் மருத்துவர் பதில்

தென் மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஓர் இளம் தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் கத்தோலிக்கர். முதல் குழந்தை பெண். இப்போது ஐந்து மாதம். கணவரை வளர்த்து ஆளாக்கிய பாட்டியின் பெயர் சிசிலியம்மாள். ஊர்க் கோயிலின் பாடகர் குழுவில் பல்லாண்டு பாடியவர். அவர் நினைவாகக் குழந்தைக்குச் செசிலியா என்று ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த சில வாரங்களிலிருந்தே குழந்தையின் இடது கண்ணில் நீர் வடிகிறது. காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்கிறது. இந்த நேரம் பார்த்து அவருடைய அண்ணன் கைப்பேசியில் தேடி, “செசிலியா என்றால் லத்தீனில் குருடி என்று அர்த்தம்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய அம்மாவுக்குத் தூக்கமில்லை. பெயரை மாற்றச் சொல்கிறார். அதுவரை கண்ணில் தாய்ப்பால் விடுகிறார். கணவரோ, “அதெல்லாம் பொய், வானத்து லீலி மலர் என்று பொருள்” என்கிறார். நடுவில் ஞானத்தாய் வந்து, “கண்ணுக்குப் பாதுகாவலி புனித லூசியா, அந்தப் பெயரையே வைத்துவிடலாமே” என்கிறார். பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை. “டாக்டர், என் மகளுக்குப் பார்வை போய்விடுமா? பெயரை மாற்றிவிடட்டுமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கண்ணைப் பார்ப்போம், பெயர் எங்கும் ஓடிவிடாது. உங்கள் கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நீங்கள் தொட்டிலைக் கடக்கும்போது குழந்தையின் பார்வை உங்கள் பின்னாலேயே வருகிறது, கையை நீட்டி உங்கள் வளையலைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று. நீங்கள் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். ஐந்து மாதக் குழந்தை ஒன்றைப் பார்த்து, குறிவைத்து, கை நீட்டுகிறது என்றால் பார்வை நன்றாக வளர்ந்துவருகிறது என்று நம்பலாம்.

நீர் வடிவதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பாக இருக்கும். கண்ணில் சுரக்கும் நீர், மூக்கின் பக்கமுள்ள ஓரத்தில் இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகக் கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. நாம் அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். பல குழந்தைகளுக்கு இந்தக் குழாயின் கீழ் முனையில் ஒரு மெல்லிய சவ்வு பிறந்த பிறகும் திறக்காமல் இருந்துவிடுகிறது. நீர் தேங்குகிறது, பீளை கட்டுகிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் இது தானாகவே திறந்துகொள்கிறது. திறக்காவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி அடைப்பை நீக்குவோம். சில நிமிட வேலை. இந்த அடைப்பால் பார்வை போவதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் நுனியைக் கண்ணின் மூக்கோர மூலையில் வைத்து, லேசாக அழுத்தியபடி மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுங்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு முறை, பால் கொடுக்கும் வேளைகளில் நாளைக்கு மூன்று நான்கு தடவை போதும். பீளையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடையுங்கள். சொட்டு மருந்து, மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும்.

தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்கு அமுதம்தான், கண்ணுக்குள் வேண்டாம். சர்க்கரையும் கொழுப்பும் உள்ள திரவம் இமையில் காய்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். விளக்கெண்ணெயும் வேண்டாம், மையும் வேண்டாம். அம்மாவிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைத்தான் அவர் செய்கிறார்.

மூக்கோர மூலை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், குழந்தை வெளிச்சத்தைக் கண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டாலும், கருவிழி மற்றதைவிடப் பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலும், கண்ணின் நடுவில் வெள்ளையாக மினுங்கினாலும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். வெளிச்சத்துக்குக் கூசுவதும் கருவிழி பெரிதாவதும் கண் அழுத்த நோயாக இருக்கலாம். நடுவில் தெரியும் வெள்ளை, கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கண்ணில் நீர் வடிந்தது பிறந்த சில வாரங்களிலேயே என்று எழுதியிருக்கிறீர்கள். ஞானஸ்நானம் மூன்றாம் மாதம் என்கிறீர்கள். பெயர் வைப்பதற்கு முன்பே வந்த பீளைக்குப் பெயரைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் அண்ணனிடம் இந்தத் தேதிக் கணக்கைக் காட்டினால் போதும்.

அண்ணன் சொன்னது பாதி

சரி, பெயருக்கு வருகிறேன். நான் மொழியறிஞன் அல்லன். ஆனால் மருத்துவக் கல்லூரியில் முதல் ஆண்டு உடற்கூற்றியல் படித்த யாருக்கும் இந்த லத்தீன் சொல் பழக்கமானது. ‘கைகுஸ்’ என்றால் பார்வையற்ற, மறுபக்கம் திறப்பில்லாத என்று பொருள். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பக்கம் மூடிய பை இருக்கிறது, குடல்வால் தொங்கும் இடம். அதற்குப் பெயரே ‘சீக்கம்’, அதாவது குருட்டுக் குடல். உலகத்தில் எல்லோர் வயிற்றிலும் அது இருக்கிறது, யாருக்கும் அதனால் கண் போனதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் காலில்லாத தவளை இனத்து உறவினர் ஒன்றுக்கும் இதே வேரிலிருந்து ‘சிசிலியன்’ என்று பெயர். உங்கள் அண்ணன் தேடும்போது அதுவும் கண்ணில் பட்டிருக்கும். நல்லவேளை, அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆக, வேர்ச்சொல் விஷயத்தில் அண்ணன் சொன்னது தவறல்ல. தவறு அடுத்த படியில் இருக்கிறது. செசிலியா என்பது ஒரு பெண்ணைப் பார்த்து, அவளுக்குக் கண் தெரியவில்லை என்று வைத்த பெயர் அல்ல. அது ஒரு குலப்பெயரின் பெண்பால். பழைய ரோமில் பெண்களுக்குத் தனியாகப் பெயர் சூட்டும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் குலப்பெயரைப் பெண்பாலாக்கி அழைத்தார்கள். ஜூலியஸ் குலத்தில் பிறந்தவள் ஜூலியா. ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் குலப்பெயர் துல்லியஸ், அவர் மகள் துல்லியா. கைகிலியஸ் குலத்தில் பிறந்த பெண்கள் அனைவரும் கைகிலியா. ஒரே வீட்டில் இரண்டு மகள்கள் என்றால் பெரியவள், சின்னவள் என்று அடைமொழி சேர்த்துச் சமாளித்தார்கள். அந்தக் கைகிலியாதான் இத்தாலியர் வாயில் செச்சிலியா, ஆங்கிலேயர் வாயில் சிசிலியா, நம் கடற்கரையில் செசிலியா, சிசிலி. அயர்லாந்துக்காரர்கள் அதைத் தேய்த்துத் தேய்த்து ‘ஷீலா’ ஆக்கிவிட்டார்கள். (நம் ஊர் ஷீலாக்கள் பதற வேண்டாம், அது சீலம் என்ற சொல்லிலிருந்து வந்த வேறு பெயர்.)

அந்தக் குலத்துக்கு ஏன் அப்படிப் பெயர் வந்தது? அவர்கள் சொல்லிக்கொண்ட கதை ஒன்று உண்டு. ரோமுக்குக் கிழக்கே பிரைனெஸ்தே என்ற ஊரை நிறுவிய கைகுலுஸ் என்பவன் தங்கள் மூதாதை என்றார்கள். அவன் அக்கினித் தேவனுக்குப் பிறந்தவன். அடுப்பின் அருகே கண்டெடுக்கப்பட்டவன். புகை பட்டுக் கண் சுருங்கிப்போனதால் அந்தப் பெயராம். விறகடுப்புப் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரும் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஆனால் பெரிய குடும்பங்கள் தங்கள் பெயருக்குப் பிற்காலத்தில் புராணம் கட்டிக்கொள்வது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

உடற்குறையைப் பெயரில் வைத்துக்கொள்ள ரோமர்கள் வெட்கப்படவில்லை என்பதையும் பாருங்கள். கி.மு. 312இல் ரோமின் உயர் அதிகாரியாக இருந்தவர் அப்பியஸ் கிளாடியஸ். நகரத்தின் முதல் குடிநீர்க் கால்வாயையும் அப்பியன் நெடுஞ்சாலையையும் அமைத்தவர் அவர்தான். முதுமையில் பார்வை போனது. வரலாற்றில் அவர் பெயர் அப்பியஸ் கிளாடியஸ் ‘கைகுஸ்’ என்றே நின்றுவிட்டது. கிரேக்க மன்னன் பிர்ரஸ் போரில் வென்றுவிட்டு, சமாதானம் பேசத் தூதனை அனுப்பியபோது செனட் சபை இணங்கிவிடும் நிலையில் இருந்தது. பார்வையற்ற அந்தக் கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்து சபையில் வைத்தார்கள். அவர் பேசிய பேச்சில் சபை மனம் மாறிச் சமாதானத்தை மறுத்தது. நம் சங்கப் புலவர்களில் முடமோசியாரும் முடத்தாமக்கண்ணியாரும் இல்லையா? அவர்கள் பாட்டைப் படிக்கிறோம். பெயரைக் கண்டு ஒதுங்குவதில்லை.

அப்பியஸ் போட்ட அதே அப்பியன் சாலையோரம் கைகிலியா மெத்தெல்லா என்ற சீமாட்டியின் கல்லறை வட்டக் கோட்டைபோல இன்றும் நிற்கிறது. அதன் கல்வெட்டில் சில சொற்கள்தான்: அவள் பெயர், இன்னார் மகள், இன்னார் மனைவி. அவள் கண்ணைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அந்தப் பெயர் அக்காலத்தில் சொன்ன செய்தி அவ்வளவுதான்: எந்த வீட்டுப் பெண் என்பது.

கணவர் சொன்னதும் பாதிதான்

வானத்து லீலி மலர் என்ற விளக்கம் உங்கள் கணவர் கற்பனை செய்தது அல்ல. யாக்கோபு தெ வொராஜினே என்ற இத்தாலியத் துறவி 13ஆம் நூற்றாண்டில் புனிதர் வரலாறுகளைத் தொகுத்தார். ஒவ்வொரு புனிதரின் பெயருக்கும் பக்திப் பொருள் சொல்லித் தொடங்குவது அவர் வழக்கம். செசிலியாவுக்கு ஒன்றல்ல, ஐந்து பொருள் சொல்கிறார். வானத்து லீலி என்பது அவற்றில் முதலாவது. ‘பார்வையற்றோருக்கு வழி’ என்பது இன்னொன்று, ‘குருட்டுத்தன்மை இல்லாதவள்’ என்பது மற்றொன்று. எழுத்துகளைப் பிரித்துச் சேர்த்துப் பார்க்கும் விளையாட்டு இது, சொல் பிறந்த வரலாறு அல்ல. ஆனால் கவனியுங்கள்: உங்கள் அம்மாவுக்கு வந்த அதே உறுத்தல் அந்தத் துறவிக்கும் வந்திருக்கிறது. வேர் என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நல்ல திசையில் திருப்பிவிட்டார். கணவர் அதைப் பிரார்த்தனையாகச் சொல்லட்டும், அகராதியாகச் சொல்ல வேண்டாம்.

பெயர் நம் ஊர் வரை வந்து சேர்ந்தது ரோமானியக் குலத்தால் அல்ல, ஒரு மறைசாட்சியால். புனித செசிலியா ரோமில் ஆரம்பகாலக் கிறிஸ்தவர்கள் வதைக்கப்பட்ட நாட்களில் உயிரைக் கொடுத்தவர் என்பது மரபு. அவருடைய திருமணத்தில் இசைக்கருவிகள் முழங்கியபோது அவர் உள்ளத்துக்குள் ஆண்டவருக்குப் பாடினார் என்று ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வரலாறு சொல்கிறது. அந்த ஒரு வரிதான் அவரை இசையின் பாதுகாவலி ஆக்கியது. ரோமில் 1585இல் நிறுவப்பட்ட இசைக் கழகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. திருநாள் நவம்பர் 22. அவரை முதலில் அடக்கம் செய்த கலிஸ்துஸ் நிலவறைக் கல்லறையும் அந்த அப்பியன் சாலையில்தான் இருக்கிறது.

பாடகர் குழுவில் பாடிய உங்கள் கணவரின் பாட்டிக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருந்தியிருக்கிறது! உங்கள் மகளுக்குப் பெயர் வந்தது அந்தப் பாட்டியிடமிருந்து. லத்தீன் அகராதி அவர் வீட்டில் இருந்திருக்காது.

லூசியா என்று மாற்றினால்?

லூசியா அழகான பெயர், ஒளி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சிசிலித் தீவின் சிரகூசா நகரில், நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைசாட்சியாக இறந்தவர். திருநாள் டிசம்பர் 13. கண் நோயாளிகளின் பாதுகாவலி என்று ஞானத்தாய் சொன்னதும் சரியே. ஆனால் முடிவெடுக்கும் முன் அவருடைய படத்தை அம்மாவுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். பெரும்பாலான படங்களில் அவர் ஒரு தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்பார். அவருடைய கண்கள் பிடுங்கப்பட்டன என்று பிற்காலத்தில் எழுந்த கதைதான் அதற்குக் காரணம். ‘ஒளி’ என்று பெயருள்ளவருக்குக் கண் போன கதை. ‘குருடு’ என்ற வேருள்ளவருக்குக் கண் பற்றிய கதையே இல்லை, பாட்டுதான். பெயரின் பொருளை வைத்து ஆருடம் பார்த்தால் இங்கேயே தடுமாறிப்போவோம். திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் லூசியா, ஆக்னஸ், செசிலியா என்று இருவர் பெயரும் அருகருகே வருகின்றன. கணவரோடு கோயிலுக்குப் போகும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

லூசியா என்ற ஓசை பிடித்துப்போய் வைத்தால் எனக்கு மறுப்பில்லை. பயந்து வைத்தால், ஒரு வயதுக்குள் கண் தானாகத் தெளிந்ததும் ‘பார்த்தாயா, பெயரை மாற்றியதும் சரியாகிவிட்டது’ என்ற பேச்சு வீட்டில் நிலைத்துவிடும். அடுத்த பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் பெயரைத்தான் தேடுவார்கள்.

உங்கள் அம்மாவிடம் பேச அவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்தே தொடங்கலாம். முந்தைய தலைமுறையில் பிள்ளை தங்காத வீடுகளில் அடுத்துப் பிறந்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பம்மாள், குப்புசாமி என்று பெயர் வைத்தார்கள்; பிச்சை என்று வைத்தார்கள். மட்டமான பெயர் பிள்ளையைக் காக்கும் என்பது அந்த நம்பிக்கை. உங்கள் குடும்பத்திலேயே ஒரு குப்பம்மாள் இருந்திருக்கக்கூடும். அந்தக் கணக்கில் பார்த்தால் செசிலியா கண்ணுக்குக் காப்பு! இது விளையாட்டுக்குச் சொன்னது. ஆனால் அம்மா சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சான்றிதழ் வேலை

இது என் துறை அல்ல என்றாலும், தெரிந்ததைச் சொல்கிறேன். பெயரில்லாமல் பதிவான பிறப்புக்குப் பின்னர் பெயர் சேர்க்க, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. தமிழ்நாட்டில் பதிவான நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமில்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. ஆனால் ஒருமுறை ஏற்றிய பெயரை, எழுத்துப் பிழை தவிர, நினைத்தபோது மாற்ற முடியாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடும் வழிக்குத்தான் போக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் உட்படப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். ஆகவே வீட்டில் சண்டை ஓயும் முன் அவசரப்பட்டு ஏற்ற வேண்டாம்.

புனிதர் பெயர்தான் கட்டாயம் என்று யாராவது சொன்னால், அது பழைய சட்டம். 1983இல் வந்த திருச்சபைச் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் வேண்டாம் என்று மட்டுமே சொல்கிறது. உங்களுக்குப் பிடித்த தமிழ்ப் பெயர் ஒன்றைச் செசிலியாவோடு சேர்த்துச் சான்றிதழில் ஏற்றலாம். உங்கள் பக்கத்துப் பெயர் எதுவும் குழந்தைக்கு இல்லையே என்ற ஏக்கம் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறது. அம்மாவின் கோபத்துக்கும் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். அவர்களையே ஒரு பெயர் சொல்லச் சொல்லுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, சான்றிதழில் முற்றிலும் வேறொன்று என்று வைப்பதை மட்டும் தவிருங்கள். பின்னாளில் இரண்டும் ஒரே பெண்தான் என்று அந்தக் குழந்தைதான் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டையும் இப்போதே முடிவு செய்து, எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள். இந்தப் பெயரைச் சி-யில் தொடங்குவோரும் எஸ்-ஸில் தொடங்குவோரும் இருக்கிறார்கள்.

இந்த மாதத்துக்குள் ஒருமுறை கண் மருத்துவரிடம் நேரில் காட்டி, அடைப்புதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடிதத்தை வைத்து நான் சொல்வது பரிசோதனைக்கு ஈடாகாது. பிறகு ஒரு வயது நிறையும்போது நீர் வடிவது நின்றிருக்கிறதா என்று பார்த்து, நிற்காவிட்டால் மறுபடியும் போங்கள். முடிந்தால் இரண்டு முறையும் அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய கேள்விகளை அவரே மருத்துவரிடம் நேரில் கேட்கட்டும்.